பிடி அரிசியில் வளர்ந்த இல்லம்

பிள்ளைகள் இல்லம் பற்றிச் சாட்சி சொல்லும்போது பெரும்பாலும் ஒரே மாதிரி சம்பவம்தான் வரும். அரிசிப் பானை காலியாக இருக்கும், பிள்ளைகள் ஜெபம் பண்ணிக்கொண்டிருப்பார்கள், ஆமென் சொல்லும் நேரம் மூட்டையோடு ஒரு வண்டி வாசலில் வந்து நிற்கும். அப்படி நடக்கும், நானே பார்த்திருக்கிறேன். ஆனாலும் நாங்குநேரிப் பக்கம் ஒரு சிறிய கிறிஸ்தவ இல்லத்துக்குப் பல வருஷமாகக் கணக்கு எழுதிக் கொடுக்கிற எனக்கு, அந்த இல்லத்தை வளர்த்தது இதைவிட மெதுவாக, வாரம் தவறாமல் வந்த உதவிதான் என்று தோன்றுகிறது.

எங்கள் பக்கத்துச் சபைகளில் பிடி அரிசிக் காணிக்கை தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். உலை வைக்கும் முன் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிப் பாத்திரத்தில் போட்டு வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அதைச் சபைக் கோயிலுக்குக் கொண்டு வருவார்கள். ஓர் ஐயரும், அதாவது சபைப் போதகரும், அவர் மனைவி ஐயரம்மாவும் வாடகை வீட்டில் இந்த இல்லத்தைத் தொடங்கியபோது, சுற்றியுள்ள சில சபைகளின் பெண்கள் மாதத்தில் ஒரு வாரத்து அரிசியைப் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கினார்கள். கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கங்களில் ரூபாய் வரவு குறைவுதான். ‘பிடி அரிசி, அரை மூட்டை’, ‘முருங்கைக்காய், ஒரு கட்டு’, ‘பழைய பெஞ்சு’, ‘பாவாடை தைத்ததற்குக் கூலி வாங்கவில்லை’ என்றுதான் இருக்கும்.

அந்த அரிசியில் ஒரு சிக்கலும் உண்டு. பத்து வீட்டு அரிசி ஒன்றாகக் கலந்து வரும். பொன்னி, இட்லி அரிசி, ரேஷன் புழுங்கல், பச்சரிசி எல்லாம் இருக்கும். அப்படியே உலையில் போட்டால் ஒன்று குழைந்துபோகும், இன்னொன்று வேகாமல் நிற்கும். சமையல் அக்கா அதைச் சோறாக வடிப்பதே இல்லை. கல் பொறுக்கி, சலித்து, குருணையைக் கஞ்சிக்கு எடுத்து வைத்துவிட்டு, மீதியை ஊறவைத்து உளுந்தோடு ஆட்டிவிடுவார். காலை இட்லி முழுக்க அதுதான். மதியச் சோற்றுக்கு மட்டும் கடையில் வாங்குவோம். ஆண்டறிக்கையில் இதெல்லாம் வராது. ஆனால் அந்த அக்கா இல்லாமல் பிடி அரிசி இருந்தும் பயனில்லை.

எங்கள் வார்டன் அக்கா டோனாவூரில் வளர்ந்தவர். களக்காட்டுப் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கிற அந்த ஊர் எங்களுக்குப் பக்கம்தான். அயர்லாந்தின் வடபகுதியில் பிறந்து, 1895ல் இந்தியாவுக்கு வந்து, டோனாவூரில் பிள்ளைகள் இல்லம் நடத்திய எமி கார்மைக்கேல் அம்மாவை நெல்லைக் கிறிஸ்தவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. 1901 மார்ச்சில், இந்துக் கோயிலுக்கு நேர்ந்துவிட இருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி ஓடி அவரிடம் வந்து சேர்ந்தாள். அதிலிருந்து தொடங்கி 1913க்குள் சுமார் 130 பிள்ளைகள் ஆகிவிட்டார்கள். 1918 முதல் ஆண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். பணம் கேட்டு யாரிடமும் வேண்டுகோள் வைப்பதில்லை என்பது அங்கே ஆரம்பத்திலிருந்தே இருந்த முறை. அவருக்கு முன்பே இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 1836ல் இல்லம் தொடங்கிய ஜார்ஜ் முல்லரும் அப்படித்தான். மனிதரிடம் கேட்கவில்லை. ஆனால் வந்த ஒவ்வொரு காணிக்கையையும் எழுதி, வருஷா வருஷம் அச்சிட்டு வெளியிட்டார். விசுவாசத்தோடு கணக்கையும் அத்தனை சுத்தமாக வைத்திருந்தார் என்பது கணக்கு எழுதுகிற எனக்குப் பெரிய ஊக்கம்.

வார்டன் அக்காவிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். “எல்லாரும் காசு எப்படி வந்துச்சுன்னுதான் கேக்காங்க. ராத்திரி எந்திரிச்சுப் பால் காய்ச்சினது யாருன்னு கேக்க மாட்டாங்க” என்றார். அவர் நினைத்தது பொன்னம்மாள் போன்றவர்களை. இளம் வயதிலேயே விதவையான அந்தத் தமிழ்ப் பெண்தான் நெய்யூரில் டோனாவூரின் கைக்குழந்தைகளை வைத்து வளர்த்தவர். 1915ல் இறந்துபோனார். 1931ல் கீழே விழுந்த எமி அம்மா, 1951ல் இறக்கும் வரை பெரும்பாலும் படுக்கையறையிலேயே இருந்தார். அத்தனை வருஷமும் பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, தலைவாரி, பாடம் சொல்லிக் கொடுத்தவர்கள் அங்கே இருந்த சித்திமாரும் அக்காமாரும் அண்ணாச்சிமாரும்தான்.

டோனாவூரிலிருந்து வார்டன் அக்கா கொண்டுவந்த ஒரு பழக்கம் ‘வந்த நாள்’. பிறந்த தேதி தெரியாத பிள்ளைக்கு, இல்லத்துக்கு வந்து சேர்ந்த நாளைக் கொண்டாடுவார்கள். எங்கள் இல்லத்தில் இப்போது எல்லாப் பிள்ளைக்கும் அது உண்டு. அன்றைக்கு என்ன குழம்பு என்று அந்தப் பிள்ளைதான் சொல்ல வேண்டும். சமையல் அக்கா மறுபேச்சுப் பேசாமல் வைத்துத் தருவார்.

சொந்தக் கட்டடம் கட்டத் தொடங்கிய சமயம் ஒருவர் பெரிய தொகை தர முன்வந்தார். மனசார வந்தவர்தான். ஆனால் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்து, பெயரோடு பத்திரிகையில் போட வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைத்தார். வார்டன் அக்கா நாற்காலி போட்டு, காப்பி கொடுத்து, “ஐயா, உங்க உதவி வேண்டாம்னு சொல்லல. பிள்ளைங்க முகத்தைக் காட்டித்தான் வாங்கணும்னா அது எங்களுக்கு ஒத்துவராது” என்று சொல்லிவிட்டார். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும் பராமரிப்பில் இருக்கிற பிள்ளையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்றுதான் சொல்கிறது. அக்கா சட்டத்தை எடுத்துப் பேசவில்லை, பிள்ளைகளின் மானத்தைப் பற்றி மட்டும் பேசினார். மேல்மாடி இரண்டு மழைக்காலம் கம்பியோடு நின்றது. நான் பார்த்ததிலேயே பெரிய விசுவாசம் அந்தக் காத்திருப்புதான். பிறகு வளைகுடாவில் வேலை பார்க்கும் நர்ஸுகள் சிலர் சிமெண்டுக்குப் பணம் அனுப்பினார்கள். ஒரு கொத்தனார் பாதிக் கூலிக்கு வேலை செய்தார். இதே இல்லத்தில் வளர்ந்து எலக்ட்ரீஷியன் ஆன பையன் ஒயரிங் முழுவதையும் செய்து கொடுத்தான். வந்த அன்று, “எந்த சுவிட்ச் பிள்ளைங்க கைக்கு எட்டணும், எது எட்டக் கூடாதுன்னு எனக்குத் தெரியும்க்கா” என்றான்.

2020 எல்லாருக்கும் கஷ்டமான வருஷம். எங்களுக்கு வெளிநாட்டுச் சபை ஒன்றின் உதவி, வேறொரு பெரிய அமைப்பின் வழியாக வந்துகொண்டிருந்தது. அந்த வருஷம் செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டு, ஓர் அமைப்பு தனக்கு வந்த வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கொடுக்க முடியாது என்று ஆனது. சரி, அந்த வாசல் அடைபட்டது. கொரோனாவினால் கோயில்களும் பூட்டிக் கிடந்தன. பிடி அரிசி மட்டும் நிற்கவில்லை. சபைப் பையன்கள் பைக்கில் வீடு வீடாகப் போய்ச் சேகரித்துக் கொண்டுவந்து இறக்கினார்கள்.

ஊரடங்கில் பல பிள்ளைகளைத் தாயிடமும் பாட்டியிடமும் அனுப்பினோம். அப்போதுதான் இல்லத்தின் வேலை வேறு பக்கமும் வளர்ந்தது. வறுமை ஒன்றே காரணமாக வந்த பிள்ளை, உதவி கிடைத்தால் வீட்டிலேயே இருக்கலாமே! சட்டமும் இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகத்தான் வைக்கிறது. குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவில்லாமல் நாங்கள் யாரையும் வைத்துக்கொள்வதும் இல்லை. இப்போது மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவி கிடைக்கிறது. தனியாக நிற்கும் தாய்மாருக்கு அந்த விண்ணப்பத்தை எழுதிக் கொடுப்பது என் வேலையில் பாதி ஆகிவிட்டது. இல்லத்தில் தங்கும் பிள்ளைகள் குறைந்தால் காணிக்கை கொடுப்பவர்களுக்கு உற்சாகம் போய்விடும் என்று சிலர் பயந்தார்கள். எனக்கு அது பயமாகப் படவில்லை. ஒரு பிள்ளை அம்மாவோடு படுத்துத் தூங்குகிறதென்றால் அதுவும் இல்லத்தின் வளர்ச்சிதான்.

சாயங்கால ஜெபத்தில் அந்த வாரத்து வரவை நான் வாசிப்பேன், பிள்ளைகள் அதற்காக ஸ்தோத்திரம் சொல்வார்கள். இந்த வருஷம் 18 வயது முடிந்த இரண்டு பெண் பிள்ளைகள் நர்சிங் சேருகிறார்கள். தங்குவதற்குப் பக்கத்திலேயே ஒரு வீடு பார்த்தாயிற்று. கட்டணத்தில் பாதி சேர்ந்துவிட்டது, மீதிக்குச் சபைகளில் ஜெபக் குறிப்பு வாசிக்கிறார்கள்.