புதுப்பிப்பு: பென்னாகரம் கண்காணிப்புக் கிணற்றில் நீர்மட்டம் இறங்கியது ஏன்?

பென்னாகரம் அருகே புறம்போக்கு நிலத்திலுள்ள கண்காணிப்பு ஆழ்துளைக் கிணற்றில், மழை பெய்தும் ஒரே வாரத்தில் நீர்மட்டம் நான்கு மீட்டர் இறங்கியதாக முன்பு எழுதியிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது, தவறு என்னுடையதே.

நான் அளந்த நேரத்தில், மும்முனை மின்சாரம் வந்ததும் பக்கத்துத் தோட்டத்தில் நீர்மூழ்கி மோட்டார் ஓடத் தொடங்கியிருக்கிறது. தருமபுரி மாவட்டத்தின் அடியில் இருப்பது பெரும்பாலும் நைஸ், சார்னோகைட் போன்ற கடினப்பாறை. ஆற்று மணற்படுகையில் பரவி நிற்பதைப் போலன்றி, இங்கு நீர் பாறை வெடிப்புகளிலும் சிதைந்த மேலடுக்கிலுமே தேங்குவதால், ஒரே வெடிப்பு இரு கிணறுகளை இணைத்துவிட்டால் அங்கே இறைப்பது இங்கே விரைவில் தெரிந்துவிடும். இம்முறை மோட்டார் நின்று ஓர் இரவு கழிந்தபின், விடியுமுன் அளந்தேன். பழைய மட்டத்துக்கு அரையடிதான் குறைவு. (மோட்டார் ஓடும் நேரத்தைச் சொன்ன தோட்டத்துப் பெரியவருக்கு, என் கருவிகளைவிட அந்தக் கிணற்றை நன்றாகத் தெரியும்.)

இந்தக் கிணற்று நீரில் ஃபுளோரைடு (அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் பாதிக்கும் உப்பு) அதிகமா என்று கேட்டவர்களுக்கு: நீர்மட்ட அளவீடு அதைக் காட்டாது. இந்தியத் தரநிலைப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது, வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 1.5 வரை. கொதிக்க வைப்பதால் அது நீங்காது. மாதிரியைப் பாலித்தீன் புட்டியில் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.