சனசமூக நிலையத்தில் போட வித்தியாசமான பழைய சிரிப்புப் படம் எது?

முள்ளியவளையான்:
எங்கள் சனசமூக நிலையத்தில் சனிக்கிழமை இரவு திரை கட்டிப் படம் போடுகிறோம். சிறுவர்களிலிருந்து அப்பு, ஆச்சிமார் வரை வருவார்கள். ‘காதலிக்க நேரமில்லை’ எல்லோருக்கும் மனப்பாடம். வேறு ஏதாவது சொல்லுங்கள்.

ஒட்டுசுட்டான் வாசகன்:
தம்பி, யோசிக்காமல் ‘பேசும் படம்’ போடுங்கள். சிங்கீதம் சீனிவாச ராவ் 1987இல் எடுத்தது. கமலஹாசனும் அமலாவும் நடித்திருக்கிறார்கள். படம் முழுக்க வசனமே கிடையாது.

என் சித்தப்பாவுக்கு இறுதி யுத்தத்தில் ஷெல் விழுந்து இரண்டு காதும் போய்விட்டன. மற்றப் படங்களில் நாங்கள் சிரித்து முடித்த பிறகுதான் ‘என்னவாம்?’ என்று எங்கள் முகத்தைப் பார்ப்பார். கையால் விளக்குவதற்குள் அடுத்த பகிடி போய்விடும். இந்தப் படத்தில் வேலையில்லாத கமல், பிச்சைக்காரர் ஒருவரிடம் தன் காசைக் காட்டிப் பெருமைப்படுவார். அவரோ கட்டுக்கட்டாக நோட்டுகளைக் காட்டுவார். அந்த இடத்தில் சித்தப்பா எங்களுக்கு முன்னே சிரித்தார், தொடையில் தட்டித் தட்டி. யாரும் அவருக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இதற்காகவே இந்தப் படத்தைக் கும்பிடலாம்.

கிளிநொச்சி ரசிகை:
உண்மைதான் அண்ணை. ஆனால் வசனம் இல்லையே என்று ஸ்பீக்கரைக் குறைத்துவிடாதீர்கள். கமலின் அறை தியேட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. பணக்காரன் ஒருவனை அங்கே கட்டிப்போட்டுவிட்டு, அவனுடைய ஹோட்டல் அறையில் போய்த் தங்குவார். சண்டைக் காட்சியின் இரைச்சலில் தூங்கிப் பழகியவருக்கு ஹோட்டலின் அமைதியில் தூக்கம் வராது. அந்த இரைச்சலைப் பதிவுசெய்து கொண்டுவந்து போட்டுக்கொண்டுதான் தூங்குவார்! எல். வைத்தியநாதனின் இசையும் அருமை.

முள்ளியவளையான்:
நன்றி அக்கா, அண்ணை. கொலைகாரன் ஒருவன் வருவதாகக் கேள்விப்பட்டேன். சிறுவர்கள் பயப்படமாட்டார்களா?

ஒட்டுசுட்டான் வாசகன்:
பயமா? அவன் கத்தியே ஐஸ் கட்டியால் செய்தது, தம்பி. குத்தப் போவதற்குள் உருகிவிடும். சிறுவர்கள்தான் அதற்கு அதிகம் கத்துவார்கள். கட்டிப்போட்ட பணக்காரனின் மலத்தைப் பரிசுப்பொதி போலச் சுற்றி வெளியே கொண்டுபோகும் காட்சிக்கு ஆச்சிமார் முகம் சுளிப்பார்கள், பிறகு அவர்களும் சிரிப்பார்கள். முடிவு மட்டும் மனதைக் கனக்கச் செய்யும். முன்கூட்டி யாருக்கும் சொல்லிவிடாதீர்கள். காது கேளாதவர்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். அவர்களை முன்வரிசையில் இருத்துங்கள்.