ரியல் ஐடி: விசா ஸ்டாம்ப் முடிந்துவிட்டது, பெயரில் எஃப்என்யு. விமானம் ஏற என்ன வழி?

மணல்வீடு:

கலிஃபோர்னியா, எச்-1பி (வேலை விசா). கையில் இருக்கும் லைசென்ஸில் 'ஃபெடரல் லிமிட்ஸ் அப்ளை' என்று அச்சாகியிருக்கிறது, ரியல் ஐடியில் இருக்கும் கரடியும் நட்சத்திரமும் இல்லை. பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. கிவன் நேமில் என் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்து இருக்கின்றன. விசாவில் அந்த இரண்டையும் சர்நேமாகப் போட்டு, கிவன் நேமில் எஃப்என்யு (முதல் பெயர் தெரியவில்லை) என்று அடித்துவிட்டார்கள். ஸ்டாம்ப் போன வருடமே முடிந்துவிட்டது. எக்ஸ்டென்ஷன் அப்ரூவ் ஆகி ஐ-797ஏ (அப்ரூவல் தாள்) கையில் இருக்கிறது. ரியல் ஐடி கேட்டுப் போனால், டிஎம்வி (லைசென்ஸ் அலுவலகம்) கவுண்டரில் 'வெரிஃபை ஆகவில்லை' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரத்தில் குடும்பத்தோடு சான் ஹோசேயிலிருந்து சியாட்டில் போக வேண்டும். மனைவி எச்-4 (என் விசாவைச் சார்ந்தது), எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி எண்) கிடையாது. பையனுக்கு ஐந்து வயது. என்ன செய்யலாம்?

ஒன்றரைக்கண்:

விமானம் ஏறுவது, ரியல் ஐடி எடுப்பது இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். விமானம் ஏற ரியல் ஐடி (மத்திய விதிப்படி தரும், நட்சத்திரம் உள்ள லைசென்ஸ்) கட்டாயம் இல்லை. 2025 மே 7 முதல் டிஎஸ்ஏ (விமான நிலையப் பாதுகாப்புச் சோதனை அமைப்பு) நிறுத்தியது நட்சத்திரம் இல்லாத மாநில லைசென்ஸை மட்டும்தான். வேறு அடையாளங்களின் பட்டியல் அப்படியே இருக்கிறது. வெளிநாட்டு அரசு கொடுத்த பாஸ்போர்ட் அதில் உண்டு. உங்கள் இந்தியப் பாஸ்போர்ட் போதும். கிரீன் கார்டு, ஐ-766 எனப்படும் இஏடி (வேலை அனுமதி) கார்டு, குளோபல் என்ட்ரி கார்டு இவையும் செல்லும். அவர்கள் பார்ப்பது ஆள் இவர்தானா என்று. விசா முடிந்துவிட்டதா என்பது உள்நாட்டுப் பயணத்துக்கான அடையாளச் சோதனையில் வராது.

பையனுக்கு எதுவும் வேண்டாம். 18 வயதுக்குக் கீழ் இருப்பவர்களிடம் உள்நாட்டு விமானத்துக்கு டிஎஸ்ஏ அடையாளம் கேட்பதில்லை. ஏர்லைன் ஏதாவது கேட்டால் காட்ட அவன் பாஸ்போர்ட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஐ-94 (நாட்டுக்குள் எதுவரை தங்கலாம் என்று காட்டும் பதிவு) பிரிண்ட் ஒன்றும் கூட இருக்கட்டும். இது டிஎஸ்ஏவுக்காக இல்லை. 18 வயது நிறைந்த வெளிநாட்டவர் எல்லோரும் பதிவுச் சான்றை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்று குடியேற்றச் சட்டமே சொல்கிறது.

மணல்வீடு:

நன்றிங்க, பாதி பாரம் இறங்கியது. ஆனால் பாஸ்போர்ட் அடுத்த வருடம் ரினியூவலுக்குப் போக வேண்டும். அந்த இடைவெளியில் பயணம் வந்தால்?

ஒன்றரைக்கண்:

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். எச்-1பியில் இருப்பவருக்கு ரியல் ஐடி உண்மையிலேயே உதவுவது பாஸ்போர்ட் ரினியூவலில் மாட்டியிருக்கும் வாரங்களில்தான். அப்போது கையில் வேறு எதுவும் இருக்காது. அதற்காக எடுத்து வைப்பதில் அர்த்தம் இருக்கிறது.

எதுவுமே இல்லாமல் போய் நின்றால், 2026 பிப்ரவரி 1 முதல் கன்ஃபர்ம் ஐடி என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 45 டாலர், பத்து நாளுக்குச் செல்லும். பணம் கட்டினாலும் அடையாளம் உறுதியாகும் என்ற உத்தரவாதம் இல்லை. கடைசி நேரத்துக்கு மட்டும்.

ஐ94 அண்ணாச்சி:

தம்பி, 'வெரிஃபை ஆகவில்லை' என்பதற்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். கவுண்டரில் இருப்பவர் உங்கள் விவரத்தை சேவ் என்ற முறையில் தட்டுவார். அது குடியேற்ற நிலையைச் சரிபார்க்க யுஎஸ்சிஐஎஸ் (குடியேற்ற சேவைத் துறை) நடத்துவது. பெயர், பிறந்த தேதி, ஐ-94 எண் எல்லாம் பொருந்தினால் உடனே பதில் வரும். பொருந்தாவிட்டால் கூடுதல் சோதனைக்குப் போகும், அதற்கு நாள் பிடிக்கும்.

உங்களுடையது இடித்திருக்கக்கூடிய இடங்கள் இரண்டு.

முதலாவது, எந்த ஐ-94 என்பது. சிபிபி (எல்லைச் சோதனைத் துறை) இணையதளத்தில் வருவது கடைசியாக நாட்டுக்குள் நுழைந்தபோது கொடுத்தது. உள்ளே இருந்துகொண்டே எக்ஸ்டென்ஷன் வாங்கினால் அது அங்கே ஏறாது. ஐ-797ஏ தாளின் அடியில் கிழித்தெடுக்கும் பகுதியாக வரும். வெப்சைட் பிரிண்டைக் கொடுத்தால் தேதி முடிந்ததுதான் தெரியும். கீழ்ப்பகுதியைக் கிழிக்காமல் முழுத்தாளாகக் கொண்டுபோய், 'இதுதான் புதிய ஐ-94' என்று விரல் வைத்துக் காட்டுங்கள். (ஐ-797பி வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதில் ஐ-94 கிடையாது.) எக்ஸ்டென்ஷனுக்குப் பிறகு வெளிநாடு போய் வந்திருந்தால் நிலைமை தலைகீழ், நுழைந்தபோது கிடைத்ததுதான் செல்லும்.

இரண்டாவது, எஃப்என்யு. கவுண்டரில் இருப்பவர் உங்கள் பெயரை இரண்டாகப் பிரித்து முதல் பெயர், கடைசிப் பெயர் என்று நல்லெண்ணத்தோடு அடித்துவிடுவார். சேவில் இருப்பதோ ஐ-94இல் உள்ளபடி. விண்ணப்பத்தை ஆன்லைனில் நிரப்பும்போதே ஐ-94இல் எந்தக் கட்டத்தில் எது இருக்கிறதோ அதே வரிசையில் எழுதுங்கள். அழகு பார்க்க வேண்டாம். லைசென்ஸில் எஃப்என்யு என்று அச்சாவது அசிங்கம்தான், ஆனால் பொருந்தும்.

திருப்பி அனுப்பினால் வெறுங்கையோடு வராதீர்கள். சேவ் வெரிஃபிகேஷன் எண்ணைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சேவ் தளத்தில் கேஸ்செக் என்று ஒரு பக்கம் உண்டு, அதில் எண்ணையும் பிறந்த தேதியையும் போட்டால் பதில் வந்துவிட்டதா என்று தெரியும். வந்த பிறகு போனால் ஒரே நடையில் முடியும்.

கொய்யாக்கா:

அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று. ஸ்டாம்ப் முடிந்ததும் தனிச் சிக்கல். ரியல் ஐடிக்கான மத்திய விதியில், வெளிநாட்டு பாஸ்போர்ட்டை அடையாளமாகக் கொடுத்தால் அதில் காலாவதியாகாத விசா ஒட்டியிருக்க வேண்டும், கூடவே ஐ-94 வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஐ-797ஏ சட்டப்படி தங்கியிருப்பதைக் காட்டுகிறதே தவிர, இந்த 'அடையாள ஆவணம்' என்ற இடத்தை நிரப்பாது. மாநிலத்துக்கு மாநிலம், சில சமயம் கவுண்டருக்குக் கவுண்டர் மாறும் இடம் இது. போகும் முன் உங்கள் டிஎம்வியின் ஆவணப் பட்டியலில் வெளிநாட்டு பாஸ்போர்ட் வரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். 'விசாவோடு' என்று இருந்தால், ஐ-485 (கிரீன் கார்டு விண்ணப்பம்) போட்டு இஏடி கார்டு வாங்கியவர்கள் அதைக் காட்டலாம், அந்தக் கார்டு தனியாகவே செல்லும். அது இல்லாதவர்கள் அடுத்த ஸ்டாம்பிங் வரை பாஸ்போர்ட்டிலேயே ஓட்டுவது நிம்மதி.

முகவரிச் சான்று இரண்டு, இரண்டும் ஒரே முகவரியில், தாளில் அச்சிட்டு. போன் திரையைக் காட்டி வாதாட வேண்டாம். தபால் பெட்டி எண் ஆகாது. வீட்டு ஒப்பந்தம், கரண்ட் பில், பேங்க் ஸ்டேட்மென்ட், இதில் எது இரண்டு என்றாலும் சரி.

மனைவிக்கு: எல்லா பில்லும் உங்கள் பெயரில்தான் இருக்கும், அங்கேதான் எச்-4காரர்கள் மாட்டுவார்கள். உங்கள் பில்லோடு திருமணச் சான்றிதழையும் சேர்த்துக் காட்டினால் பல மாநிலங்கள் ஏற்கும். ஒப்பந்தத்தில் அவர் பெயரையும் ஏற்றிவிட்டால் இன்னும் சுலபம். எஸ்எஸ்என் இல்லாததற்குச் சான்று கேட்கும் மாநிலத்தில், சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் எஸ்எஸ்ஏ-எல்676 என்ற மறுப்புக் கடிதம் வாங்க வேண்டும். தேதி பழசானால் திருப்பி அனுப்புவார்கள், டிஎம்வி போகும் வாரத்திலேயே வாங்குங்கள்.

மணல்வீடு:

டிக்கெட்டில் பெயர் எப்படிப் போடுவது? புக்கிங் பக்கத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டையும் கேட்கிறது.

ஒன்றரைக்கண்:

எந்த அடையாளத்தைக் காட்டப்போகிறீர்களோ அதில் உள்ள பெயர். பாஸ்போர்ட்டைக் காட்டப்போவதால் உங்கள் பெயர் முதல் கட்டத்திலும் அப்பா பெயர் இரண்டாம் கட்டத்திலும் போதும். இரண்டு சொல்லும் பாஸ்போர்ட்டில் அதே வரிசையில் இருக்கின்றன. அப்பா பெயரை விட்டுவிடவோ, எழுத்தாகச் சுருக்கவோ வேண்டாம். பாஸ்போர்ட்டில் ஒரே சொல் மட்டும் இருப்பவர்கள் அதைக் கடைசிப் பெயரில் போட்டு, முதல் பெயரில் எஃப்என்யு போடுவதுதான் வழக்கம், ஏர்லைனிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். டிஎஸ்ஏ ப்ரீசெக் (விரைவுச் சோதனை வரிசை) இருந்தால், பதிவு செய்த பெயரும் டிக்கெட்டும் பொருந்தவில்லை என்றால் போர்டிங் பாஸில் ப்ரீசெக் வராமலே போகும்.

மழைக்காகிதம்:

சியாட்டில் பக்கம் இருக்கிறேன். இங்கே ரியல் ஐடி எடுக்க என்ன ஆவணம் வேண்டும்?

ஐ94 அண்ணாச்சி:

வாஷிங்டனில் அப்படி ஒன்று கிடையாது, தம்பி. அந்த மாநிலம் கொடுப்பது என்ஹான்ஸ்டு லைசென்ஸ். அது அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும். எச்-1பி, கிரீன் கார்டு யாருக்கும் கிடைக்காது. சாதாரண லைசென்ஸோடு பாஸ்போர்ட்டோ கிரீன் கார்டோ எடுத்துப் போக வேண்டியதுதான். அலைய வேண்டாம்.

கொய்யாக்கா:

எஃப்என்யுவை ஒரேயடியாகத் தீர்க்க நினைப்பவர்கள் வரிசையைக் கவனியுங்கள். பாஸ்போர்ட்டில் சர்நேமைப் பிரித்து மறுவெளியீடு முதலில். அடுத்து புதிய பெயரில் ஐ-94, அதாவது அடுத்த ஸ்டாம்பிங்கும் நுழைவும், அல்லது அடுத்த பெட்டிஷன். பிறகு சோஷியல் செக்யூரிட்டி. கடைசியில் டிஎம்வி, அதுவும் சோஷியல் செக்யூரிட்டியில் மாற்றி ஓரிரு நாள் விட்டு. டிஎம்வி சேவிலும் சோஷியல் செக்யூரிட்டியிலும்தான் ஒப்பிட்டுப் பார்க்கிறது, அதனால் முதலில் லைசென்ஸை மாற்றப் போனால் எங்கும் பொருந்தாது. விசா இருக்கும் பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ரியல் ஐடி கிடைத்தாலும் அதன் ஆயுள் ஐ-94 வரைதான், கார்டில் 'லிமிடெட் டெர்ம்' என்று இருக்கும். எஃப்-1 (மாணவர் விசா) என்றால், ஐ-94இல் தேதிக்குப் பதில் டி/எஸ் (அந்த நிலை நீடிக்கும் வரை) என்று இருந்தால் ஒரு வருடத்துக்கு மேல் தரமாட்டார்கள். பாஸ்போர்ட் சீக்கிரம் முடிவதாக இருந்தால் நுழையும்போதே ஐ-94ஐ அந்தத் தேதியோடு வெட்டிவிடுவார்கள், லைசென்ஸும் அதோடு போகும்.

ஒன்றரைக்கண்:

மணல்வீடு, பயணத்துக்கு முன்பே டிஎம்வி போவதாக இருந்தால் ஒன்று. அன்றைக்குக் கையில் கொடுப்பது தாள் லைசென்ஸ், கார்டு பிறகு தபாலில்தான் வரும். அந்தத் தாளை டிஎஸ்ஏ ஏற்காது. கார்டு வந்தாலும் வராவிட்டாலும் சியாட்டிலுக்கு உங்கள் பாஸ்போர்ட்டும் மனைவியின் பாஸ்போர்ட்டும் கைப்பையில் இருக்கட்டும், செக்-இன் பெட்டியில் போட்டுவிடாதீர்கள்.