மூணாங்கிளாஸ் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ்ல கதை சொல்றது எப்படிங்க?

மேலூர் டீச்சர்:
மேலூர் பக்கம் கிராமத்து ஸ்கூல்ல மூணாவது எடுக்குறேன். காக்கா நரி கதைய இங்கிலீஷ்ல ஆரம்பிச்சேன், ரெண்டு வரிதான், அப்புறம் ஒருத்தன் ஜன்னலப் பாக்குறான் ஒருத்தி பென்சில் சீவுறா. வரிக்கு வரி தமிழ்ல சொன்னா இங்கிலீஷ காதுலயே வாங்க மாட்டேங்குதுக. என்ன பண்ணலாம்?

வாடிப்பட்டி வாத்தியார்:
டீச்சர், ஈசாப் கதையில காக்கா வாயில சீஸ். நம்ம பிள்ளைக அத எங்க பாத்துச்சுக, வடைன்னே சொல்லுங்க. தெரிஞ்ச கதைங்கறதால அர்த்தம் தேடி முழிக்காதுக, காது இங்கிலீஷ் பக்கம் போகும். ஒரே வரி திரும்பத் திரும்ப வரணும், "ப்ளீஸ் சிங், மிஸ்டர் க்ரோ"ன்னு நரிய மூணு தடவ கெஞ்ச விடுங்க, மூணாவதுக்கு கிளாஸே சேந்து கத்தும் (பக்கத்து கிளாஸ் டீச்சர்கிட்ட முன்கூட்டியே சொல்லிருங்க).

திருமங்கலம் அக்கா:
நடிக்கவும் விடுங்க. ஃப்ளை, சிட், ஓபன்னு நீங்க சொல்ல அதுக செய்யணும், வாயத் திறந்து பேசச் சொல்லி நெருக்கக் கூடாது. ஜேம்ஸ் ஆஷர்னு அமெரிக்க சைக்காலஜிஸ்ட் கொண்டுவந்த முறை, டோட்டல் பிசிக்கல் ரெஸ்பான்ஸ், சுருக்கமா டிபிஆர்ம்பாங்க. கதை நடுவுல மட்டும் "கோ"வுக்கு பாஸ்ட் டென்ஸ் என்னன்னு கேட்றாதீங்க, அதோட கதை செத்துச்சு.

மேலூர் டீச்சர்:
ரொம்ப நன்றிங்க. நாளைக்கு நெசமாவே வடை வாங்கிட்டுப் போறேன், நாப்பது பிள்ளைகளுக்குப் பிக்கணும், அதான் யோசனையா இருக்கு.