பழைய சாமானுக்குப் புது பெயின்ட்: மலைக்காரர்களே, உங்கள் அனுபவம் என்ன?

குன்னூர்க்காரி:

ஐப்பசி மாதத்தில் குன்னூரில் எனாமல் டப்பாவைத் திறந்தவள் நான். சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

பழைய சாமான் கடையில் ஒரு கம்பிவலை அலமாரி கிடைத்தது. ஏதோ எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது வந்ததாம். பழைய ஆட்கள் இதை மீட் சேஃப் என்பார்கள். ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் பாலும் கறியும் வைப்பார்கள். எறும்பு ஏறாமலிருக்க நாலு காலுக்கும் கீழே தண்ணீர்க் கிண்ணம். அடிப்பலகையில் யாரோ வெள்ளை பெயின்டில் 17 என்று எழுதியிருந்தார்கள், பங்களாவின் சாமான் கணக்காக இருக்கும்.

80 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 220 வரை தேய்த்தேன். பட்டி வைத்தேன், பிரைமர் அடித்தேன். அதுவரை எல்லாம் சரி. அப்புறம் நீல எனாமலை ஒரே கோட்டில் முடித்துவிடலாம் என்று கெட்டியாகப் பூசினேன். அன்று மாலை பிடித்த மழை ஒன்பது நாள் விடவில்லை. ஊட்டிக்கு ஆடி எப்படியோ, எங்களுக்கு ஐப்பசி அப்படி.

நாலாம் நாள் தொட்டால் விரல்ரேகை பதிந்தது. சீக்கிரம் காயட்டும் என்று கும்முட்டியில் கரி போட்டுப் பக்கத்தில் வைத்தேன். ஜன்னல் சாத்திய அறையில் கரி அனல், பக்கத்திலேயே டர்பெண்டைன் பாட்டில். இரண்டும் சேர்ந்து என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் பகீர் என்கிறது. நல்லவேளை, சாம்பல் பறந்து பெயின்டில் ஒட்டியதோடு போயிற்று. நீல அலமாரிக்கு அம்மை போட்டதுபோல் ஆனது.

பக்கத்து வீட்டு பெயின்டர் அண்ணன் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "எனாமல் தண்ணி மாதிரி ஆவியாகி மட்டும் காயறதில்லம்மா. காத்தை இழுத்துத்தான் இறுகும். குளிர்ல அது மெதுவா இழுக்கும். நீங்க கெட்டியா அடிச்சதுல மேல ஏடு கட்டிருச்சு, உள்ள இன்னும் பச்சையாவே இருக்கு." மொத்தத்தையும் சுரண்டிவிட்டு மாசியில் மறுபடி அடித்தேன். இரண்டு மெல்லிய கோட், நடுவில் ஒரு முழு நாள் இடைவெளி. காலை பத்து மணிக்கு மேல் தொடங்கி மதியத்துக்குள் பிரஷ்ஷைக் கழுவிவிட வேண்டும். அந்தி சாய்ந்தால் பனி இறங்கி ஈர பெயின்டின் பளபளப்பைச் சாகடித்துவிடும்.

17 மட்டும் அப்படியே இருக்கிறது. அதைத் தேய்க்க எனக்கு மனசு வரவில்லை. சரி, உங்கள் கதைகளைச் சொல்லுங்கள்.

ஊட்டி ஹோம்ஸ்டே:

நான் செய்தது பாவம். தாத்தா காலத்து ஈட்டி மர டிரஸ்ஸிங் டேபிளுக்கு வெள்ளை அடித்தேன். விருந்தாளிகள் போட்டோ எடுப்பார்கள் என்ற ஆசைதான். அப்பா இரண்டு நாள் பேசவில்லை. மரம் அதற்கு மேல்: மூன்றே வாரத்தில் வெள்ளைக்கு அடியிலிருந்து வெற்றிலை எச்சில் நிறத்தில் கறை கிளம்பியது. இன்னொரு கோட் அடித்தேன், அதிலும் வந்தது. ஈட்டி, தேக்கு மாதிரி மரங்களின் சாயம் பெயின்டை ஊடுருவி மேலே வந்துவிடுமாம். முதலில் அவலரக்கை (ஷெல்லாக்) ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசி மரத்தை அடைத்த பிறகுதான் வெள்ளையைத் தொட வேண்டும் என்று ஆசாரி சொன்னார். சொல்லிவிட்டு, "ஆனா ஈட்டிக்கு எதுக்குப்பா பெயின்டு?" என்றும் கேட்டார். பதில் இல்லை. இப்போது சுரண்டிக்கொண்டிருக்கிறேன்.

கொளப்பள்ளி பேத்தி:

எங்களுடையது மர சாமான் இல்லை, தகர டிரங்குப் பெட்டி. இங்கே சொல்லலாம்தானே?

இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பம் நாங்கள். தாத்தாவும் அப்பாயியும் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, அங்கிருந்து நீலகிரிக்கு வந்தார்கள். அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை, லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வீடு. கண்டிப் பக்கத்திலிருந்து கூடவே வந்த சாமான்களில் மிச்சம் இருப்பது இந்தப் பெட்டி ஒன்றுதான். தாத்தா போய்ப் பல வருடம் ஆகிறது.

கூடலூர்ப் பக்கத்து மழை உங்களுக்குத் தெரியும். அடிப்பாகம் துருப்பிடித்துப் பொரிந்துவிட்டது. அப்பாயிக்குச் சொல்லாமல் புதுசாக்கிக் காட்டலாம் என்று, அவர் சித்தப்பா வீட்டுக்குப் போன நேரம் பார்த்துக் கம்பி பிரஷ்ஷை எடுத்தேன். மூடியில் அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் அரை விரல் கனத்துக்கு இருந்தது. சோப்புத் தண்ணீரில் துடைக்கத் துடைக்க எழுத்து தெரிந்தது. வெள்ளை எழுத்தில் தாத்தாவின் பெயர், அதன் கீழே ஒரு எண், அதற்கும் கீழே "இராமேஸ்வரம்". இருபத்தெட்டு வருடமாக அந்தப் பெட்டிமேல் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். அதில் எழுத்து இருப்பது தெரியாது.

பிரஷ் என் கையிலேயே நின்றுவிட்டது. ஏற்கெனவே "இரா" பாதி போயிருந்தது. அதைத் தேய்த்தது நான்தான்.

அப்பாயி வந்ததும் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். பெட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து எழுத்தைத் தடவிப் பார்த்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. "இது ஒங்க தாத்தா எழுதுனது இல்ல. லயத்துல ஒரு பையன் பள்ளிக்கூடம் படிச்சவன், எல்லார் பொட்டிக்கும் அவன்தான் எழுதுனான். ஒரு பொட்டிக்கு ஒரு ரூவா கேட்டான். ஒங்க தாத்தா எட்டணாதான் குடுத்தாரு" என்று சிரித்தார்.

குன்னூர்க்காரி:

ஐயோ, படிக்கும்போது உடம்பு சிலிர்க்கிறது. எழுத்தை எப்படிக் காப்பாற்றினீர்கள்? மீதியைப் பெயின்ட் அடித்தீர்களா, விட்டுவிட்டீர்களா?

கோத்தகிரி மாமா:

நடுவில் ஒரு வார்த்தை. பழைய பெயின்டைத் தேய்க்கிறவர்கள் அதில் இருக்கக்கூடிய ஈயத்தை (லெட்) மறந்துவிடாதீர்கள், அது விஷம். வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் வந்ததே 2016-ல், அமலானது 2017 நவம்பரில். அதற்கு முந்தைய மஞ்சள், சிவப்பு, பச்சையில் எவ்வளவு இருந்தது என்று யார் கண்டது. எங்கள் வீட்டு மரத்தொட்டிலை நான் திண்ணையில் உட்கார்ந்து காய்ந்த உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தேன். பேரன் பக்கத்தில் தவழ்கிறான்! நர்ஸாக இருக்கும் மருமகள் வந்து ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள். ஈரம் பண்ணி வாட்டர் பேப்பரில் தேய்க்க வேண்டும், முகமூடி போட வேண்டும், தூசியைப் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், தீயில் காட்டி உரிக்கவே கூடாது. இதெல்லாம் அன்று அவளிடம் கற்றது. தொட்டில் இப்போது பரணில். பேரன் சேலைத் தூளியில்.

கொளப்பள்ளி பேத்தி:

நன்றி மாமா, பெட்டிக்கும் அது பொருந்தும். நானும் முகத்தை மூடாமல்தான் தேய்த்தேன்.

அக்கா, எழுத்து இருக்கும் மூடியில் அதற்குப் பிறகு கம்பி பிரஷ்ஷே படவில்லை. ஈரத்துணி மட்டும்தான். காய்ந்ததும் எழுத்தின்மேல் நிறமில்லாத வார்னிஷை மென்மையான பிரஷ்ஷால் ஒரே ஓட்டாக ஓட்டினேன். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இழுத்தால் பழைய பெயின்ட் கரைந்து வரும் என்று கடைக்காரர் பயமுறுத்தியிருந்தார். அதைச் சுற்றி மாஸ்கிங் டேப் கட்டம் கட்டி, மற்ற இடமெல்லாம் துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட், கரும்பச்சை எனாமல் இரண்டு கோட். போன "இரா"வை நான் திருப்பி எழுதவில்லை. எழுதட்டுமா என்று கேட்டதற்கு அப்பாயி வேண்டாம் என்றுவிட்டார். எட்டணாவுக்கு அவ்வளவுதான் வருமாம்.

ஒரு தப்பு செய்தேன், நீங்கள் செய்யாதீர்கள். ஆர்வக்கோளாறில் பெட்டியின் உள்பக்கமும் எனாமல் அடித்துவிட்டேன். மூடி வைக்கிற சாமானில் அந்த வாடை லேசில் போகாது. கம்பளியை உள்ளே வைக்கமாட்டேன் என்று அப்பாயி ஒரே பிடிவாதம். வாயைத் திறந்தபடி பெட்டி வாசலில் வெயில் காய்ந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று எழுத்தை வாசித்தார்கள். எதிர் லயத்துத் தாத்தா ஒருவர் தன் பெட்டியையும் துடைத்துப் பார்க்கச் சொல்லித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அதில் எழுத்து ஒன்றும் இல்லை, ஒரு கப்பல் படம் வரைந்திருந்தது. அதையும் அதே பையன்தான் வரைந்தான் என்கிறார் அப்பாயி.

தை பிறந்துதான் கம்பளி உள்ளே போனது.