கண்காணிப்பா, மறுகாச் சோதனையா?

கல்லடியிலிருந்து:
வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டிய துண்டுப்பிரசுரம் ஒன்று கையில் இருக்கிறது. சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட பெண்களுக்கானது. புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து கொடுப்பார்கள். அப்போது உள்ளே ஒடுங்கிக் கிடந்த சைற்றோமெகலோ, பி.கே. வைரசுகள் தலைதூக்கலாம். எச்.பி.வி. என்ற வைரசு இருந்தால் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடும். ஆகவே ஒன்றும் இல்லாதபோதே சோதித்துக்கொண்டிருக்க வேண்டும். இதற்கு 'வைரசுத் தொற்றுக் கண்காணிப்பு' என்று எழுதி ஓர் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "ஆர் மகள் எங்களக் கண்காணிக்கிற?" என்றார். இந்தப் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு வேவு பார்க்கிற வாடை என்று உங்களுக்குத் தெரியும். வேறு சொல் தாருங்கள்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து:
சொல்லில் பிழையில்லை, தங்கச்சி. கண், காண், அவ்வளவுதான். மலையகத்துக் கங்காணியும் இதிலிருந்து வந்தவர்தான். பிழை 'வைரசு' என்பதில் இருக்கிறது. நச்சுநுண்மம் என்று எழுதுங்கள். 1936ல் சென்னையில் கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் நமது காரைதீவில் பிறந்தவர். அது நினைவிருக்கட்டும்.

அக்கரைப்பற்றிலிருந்து:
சேர், கங்காணியைக் கூட்டிவந்து இன்னும் பயமாக்கிவிட்டீர்கள். கொரோனாவுக்குப் பிறகு வைரசு தெரியாத உம்மா எங்கள் ஊரில் இல்லை. நச்சு என்று போட்டால் பாம்புக்கடி என்று நினைப்பார்கள். 'காவல்' எப்படி? வேளாண்மை விளையும் காலத்தில் பரணில் இருந்து யானைக்குக் காவல் பார்க்கிறோம். யானை வயலுக்குள் இறங்கிய பிறகு கூச்சல் போட்டு என்ன பயன்?

களுவாஞ்சிக்குடியிலிருந்து:
அருமை! குறிஞ்சியில் தினைப்புனம் காத்தவளும் பெண்தானே. கிளி கடிந்தாள். 'கடி' என்ற உரிச்சொல்லுக்குத் தொல்காப்பியர் பத்துப் பொருள் சொல்கிறார். அதில் காப்பும் உண்டு, அச்சமும் உண்டு, கூர்மையும் உண்டு. ஒரே சொல்லில் முழு விஷயமும் அடங்கிவிடுகிறது. 'வைரசுக் கடி' என்றே வைக்கலாம்.

கல்லடியிலிருந்து:
ஐயா, அப்படி அச்சடித்தால் விசர்நாய்க்கடி ஊசி கேட்டு வருவார்கள். காவல் என்றாலும் பொலிஸ் காவல்தான் ஞாபகம் வரும்.

மட்டக்களப்பிலிருந்து:
நான் கிளினிக்கில் வேலை செய்கிறவன். பி.கே.க்கு முதல் 9 மாதம் மாதாமாதம், அப்புறம் 2 வருடம் முடியும்வரை 3 மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் பார்ப்பது இப்போதைய வழிகாட்டல். சைற்றோமெகலோவுக்கு முன்கூட்டியே மருந்து கொடுப்பதா, இரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதா என்பது, கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் முன்பு அந்தத் தொற்று இருந்ததா என்பதைப் பொறுத்தது. கருப்பைக் கழுத்துச் சோதனைக்கு வேறு அட்டவணை. எல்லாவற்றுக்கும் பொதுவாக 'தொடர் சோதனை' போதும். பி.கே. என்பதே 1971ல் ஒரு சிறுநீரக மாற்று நோயாளியின் சிறுநீரில் அந்த வைரசைக் கண்டபோது அவருடைய பெயரின் முதலெழுத்துகளால் வைத்த பெயர். அதற்கு ஒருவரும் வேர்ச்சொல் தேடவில்லை.

ஆரையம்பதியிலிருந்து:
நம்மூர்ச் சொல் ஏன் கூடாது? 'மறுகாச் சோதனை'. மறுகா என்றால் பிறகு என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து:
மறுகால் என்பதன் குறுக்கம். திருநெல்வேலிப் பக்கம் குளம் நிரம்பி வழிவதை மறுகால் பாய்தல் என்பார்கள். சிறுநீரகப் பிரசுரத்தில் அது வேண்டுமா?

அக்கரைப்பற்றிலிருந்து:
அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. 'மறுகா வாறன்' என்று சொல்லிப்போன ஆள் திரும்பி வந்ததை யாராவது கண்டிருக்கிறீர்களா?

கல்லடியிலிருந்து:
சரி, வெள்ளி விடிந்துவிட்டது. 'தொடர் வைரசுச் சோதனை' என்றே அனுப்புகிறேன். நான்கு பேர் சம்மதம், அதில் இரண்டு பேர் அலுத்துப்போய்ச் சம்மதம். தலைப்பின் கீழே "வருத்தம் ஒன்றும் இல்லாவிட்டாலும் சொன்ன திகதிக்கு வந்து இரத்தம் கொடுங்கள்" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அந்த அம்மாவுக்கு அது விளங்கியது.

களுவாஞ்சிக்குடியிலிருந்து:
சோதனை என்றால் கடவுள் தருகிற துன்பம் என்றும் பொருள். எனது மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். 'கடி' பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.