புதுப்பிப்பு: கண்மாய்க் கட்டுரை கிடைத்துவிட்டது

வைகைக் கண்மாய்கள் பற்றி ஒரு பழைய ஜெர்மன் இதழில் வந்த கட்டுரை மதுரையில் எங்கும் இல்லை என்று போன மாதம் புலம்பியிருந்தேன். நேற்று பிடிஎஃப் வந்துவிட்டது, பைசா செலவில்லை!

அப்போது நீங்கள் பதிலில் சொன்ன ஆர்எஸ்சிவிடி (RSCVD) வழிதான்; நூலகங்கள் ஒன்றுக்கொன்று கட்டுரைகளை இலவசமாக அனுப்பிக்கொள்ளும் ஏற்பாடு அது. 2020 கொரோனா நேரத்தில் சர்வதேச நூலகக் கூட்டமைப்பான இஃப்லா (IFLA) தொடங்கியது. உலகெங்கும் நூலகர்கள் தன்னார்வமாக ஸ்கேன் செய்து அனுப்புகிறார்கள். நானே விண்ணப்பிக்கப் பார்த்ததுதான் தப்பு. தனியாள் கேட்க முடியாது, நூலகம்தான் கேட்க வேண்டும். கல்லூரி நூலக அக்கா, "இதுக்கா தம்பி ஒரு மாசம் அலைஞ்ச?" என்றார். ஜிகர்தண்டா கடன்பட்டிருக்கிறேன்.

முன்பெல்லாம் இப்படி ஒரு கட்டுரை வாங்க, நூலகங்கள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதே பெரும்பாடாம். அதற்காகவே 1995-ல் இஃப்லா வவுச்சர் வந்தது. பணத்துக்குப் பதில் நூலகங்கள் கைமாற்றிக்கொண்ட பிளாஸ்டிக் அட்டை.

ஸ்கேனில் ஏழாம் பக்க ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது. மறுபடி கேட்டிருக்கிறோம்.